கடைசி வாங்குப் பிள்ளை

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கின்றார்கள் என வைத்துக்கொள்வோம். உபாத்தியாயர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுகின்றார். எழுதி முடியுமுன்னரே விடையைக் கண்டுவிட்டவர் ஐந்தாறு பேர். இரண்டாம் முறை விளக்கியபின் தெளிவு பெறுவோர் இருபது பேர். எஞ்சியோரோ, சென்ற வருடத்துக் கணக்கே இன்னும் கைவராதவர்களாய்க் கடைசி வாங்கில் அமர்ந்து, மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கின்றனர். உபாத்தியாயர் யாருக்காகப் படிப்பிப்பது? முன்வாங்குக்காகப் படிப்பித்தால் பின்வாங்கு இழந்துபோகின்றது. பின்வாங்குக்காகப் படிப்பித்தால் முன்வாங்கு சலித்துப்போகின்றது. நடுவில் இருப்போருக்காகப் படிப்பித்து, இரு பக்கத்தையும் கைவிடுவதே பெரும்பாலும் நடப்பது.

பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப வகுத்துக் கற்பிக்கவேண்டும் என்பது இன்று ஆசிரிய கலாசாலைகளில் ஓதப்படும் பாடம். அதனைப் புதுமையான கொள்கை என்று எண்ணுவோர் உளர். அஃது அத்துணைப் புதியதன்று. அதன் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம் சென்னைப் பட்டினத்து மணலிலே எழுதப்பட்டது என்பதை நேயர்களுட் பலர் அறியாதிருக்கலாம். அந்த அத்தியாயத்திலிருந்தே தொடங்குவோம்.

1787ஆம் ஆண்டில் அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் இந்தியாவிற் கரையிறங்கினார். 1789இல், எழும்பூரில் அமைந்திருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு அவர் மேற்பார்வையாளரானார். கும்பினிப் படையிற் பணியாற்றிய ஆங்கிலப் போர்வீரருக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து, பேணுவாரின்றி விடப்பட்ட பிள்ளைகளே அங்கு வாழ்ந்தனர். கற்பிப்பதற்கு அமர்த்தப்பட்ட உதவி ஆசிரியர்கள் சிலர் இருந்தனர். கற்பித்தல் என்னவோ நடைபெறவில்லை. அரிச்சுவடி வகுப்பே மாதக்கணக்காக நின்ற இடத்தில் நின்றது.

ஒருநாட் காலை பெல் குதிரையேறிச் செல்லும்பொழுது, நம்மவர் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரை 'மலபாரிகள்' என்று அழைத்தமையால் அவரும் அதனை மலபாரிப் பள்ளிக்கூடம் என்றே குறித்தார். நம் நாட்டிலும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் நெடுங்காலம் நம்மை அப்பெயராலேயே அழைத்தனர். கண்டதும் அவர் மகிழ்ச்சி மேலிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்னும் பொருள்பட ஆர்க்கிமிடீசு கூவிய அதே கிரேக்கச் சொல்லைக் கூவினாராம். விடுதிக்குத் திரும்பி, அரிச்சுவடி வகுப்பை அவ்வாறே மணலில் எழுதப் பழக்குமாறு உதவி ஆசிரியருக்குக் கட்டளையிட்டார். அவரோ இயலாது என்று கையை விரித்துவிட்டார். பெல் வாதாடவில்லை. பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். பெரியவர் இயலாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்.

அங்கிருந்து ஒரு முறை வளர்ந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்தவனையும் தேராதவனையும் இணைத்து இருத்தி, முன்னவன் பின்னவனுக்குக் கற்பிக்கவேண்டும். பாடம் சிறிதாயிருத்தல் வேண்டும். அது முற்றாகக் கைவரும்வரை அடுத்த பாடத்துக்குச் செல்லலாகாது. வகுப்பின் தலைமை இடத்தைப் பிடித்து அதிலேயே நிலைப்பவன் மேல்வகுப்புக்கு ஏற்றப்படுவான். கடைசி இடத்திலேயே கிடப்பவன் கீழ்வகுப்புக்கு இறக்கப்படுவான். இறக்குதல் தண்டனை போலத் தோன்றலாம். ஆனால் இறக்கப்பட்டவன் கீழ்வகுப்பின் கடைசியில் அமர்த்தப்படுவதில்லை. அங்கே தனக்குத் தெரிந்ததைக் கொண்டு தலைமையிடம் பெறுவான். தான் தவறவிட்ட படியை அங்கே மிதித்துக்கொண்டு மீண்டும் ஏறுவான். வருடமுடிவு வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்திற் பதிந்து, வாரத்துக்கு ஒருமுறை மாணாக்கரையே நடுவராய் இருத்தி விசாரிக்கும் வழக்கமும் அங்கிருந்தது. பிரம்புக்குப் பெரிதாக வேலையிருக்கவில்லை.

பெல் 1796இல் சென்னையை விட்டு நீங்கினார். மறுவருடம், 1797இல், தமது பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு நூலை இலண்டனில் வெளியிட்டார். அந்நூலினின்றும் எழுந்ததே 'சென்னை முறை' என்று இங்கிலாந்து முழுவதும் பேசப்பட்ட கல்வி முறை.

எழும்பூருக்கு அப்பாலும் சற்றே செல்வோம். பெல் கண்ட பள்ளிக்கூடம் தனித்த ஓர் அதிசயமா? அன்று. அவருக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் முந்தி, 1623ஆம் ஆண்டில், பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பிரயாணி கன்னட நாட்டு இக்கேரியில் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர் இருந்து கணக்குக் கற்பதைக் கண்டு எழுதியிருக்கின்றார். ஒருவன் பாடத்தை இராகமாய்ச் சொல்வான். சொல்லிக்கொண்டே தரையிற் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதுவான். மற்றையோரும் பாடி எழுதுவர். தரை நிறைந்ததும் அழித்துவிட்டு வேறு மணல் தூவுவர். பாடத்தில் ஏதேனும் மறந்தால் உங்களைத் திருத்துபவர் யார் என்று அவர் வினவினார். நாங்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வோம், ஆசிரியர் வேண்டியதில்லை என்று அச்சிறுவர் விடை சொன்னார்களாம். அவ்விடை தெல்லா வல்லேக்கு மிகவும் பிடித்துவிட்டது. நமக்கும் பிடிக்கின்றது.

சென்னை ஆளுநராயிருந்த சேர் தோமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் கற்றனர். அத்தொகையிற் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மாத்திரமே. திண்ணைப் பள்ளியைப் புகழும்போது இந்த எண்ணையும் உடன் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திண்ணையில் அமர்ந்தவர்களுக்குள்ளேதான் நிலைக்கேற்ற கல்வி இருந்தது. திண்ணையில் ஏறவே விடப்படாதவர்கள், பெண்களாயினும் தாழ்த்தப்பட்ட குலத்தவராயினும், எத்தனை இலட்சம் பேர்!

அக்கணக்கெடுப்புக்கு வந்த அறிக்கைகளுள் மிகவும் சுவையானது பல்லாரி மாவட்டத்துக் கலெக்டர் கம்பெல் 1823இல் அனுப்பியது. அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணாக்கரும் இருந்தனர். அவை தெலுங்கு, கன்னடப் பள்ளிகளேயாயினும், முறை நமது திண்ணைப் பள்ளி முறையைப் பெரிதும் ஒத்திருந்தது. காலையில் முதலில் வருபவனுடைய உள்ளங்கையிற் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிந்த பிந்த அடி ஒவ்வொன்றாய் ஏறும். இது விளையாட்டுச் செய்தி. பொருளுள்ள செய்தி வேறு. மாணாக்கர் பெரும்பாலும் நான்கு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். கீழ்வகுப்புக்கள் ஒருவாறு சட்டாம்பிள்ளைகளின் பொறுப்பிலும், மேல்வகுப்புக்கள் உபாத்தியாயரின் நேர்ப்பார்வையிலும் இருந்தன. ஒருவன் ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு ஏறுவது வயதாலன்று, வருடத்தாலன்று. தன் ஆற்றலாலும் முன்னேற்றத்தாலும். முன்னேறியவன் பின்னின்றவனுக்குக் கற்பிக்கும் இம்முறை போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் கம்பெல் மனமொப்பி எழுதினார்.

அவரே அதன் பெருங்குறையையும் எழுதினார். பிள்ளைகள் ஓதிய செய்யுட்கள் பேச்சுவழக்கினின்று வெகுதூரம் விலகியவை. எழுத்தை அறிந்தார்கள், ஓசையை அறிந்தார்கள், பொருளை அறிந்தாரில்லை. கிளிப்பிள்ளை போலச் சொன்னார்கள். நிலைக்கேற்ற பாடம் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததன்று, பொருளையும் பொறுத்தது என்பதற்கு இது தக்க சான்று. மெல்ல மெல்ல விளங்காததை ஓதினாலும் விளங்காதது விளங்காததே.

யாழ்ப்பாணத்தில் நமது பாட்டன்மார் ஆசிரியரைச் 'சட்டம்பியார்' என்று அழைத்தனர். அக்கரையில் ஆசிரியருக்கு உதவும் மூத்த மாணாக்கன் 'சட்டாம்பிள்ளை'. கேட்கும்போதே உறவு தோன்றும் சொற்கள் இவை. கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் நடுவிலிருந்த வரம்பு அக்காலத்தில் அத்துணை உயரமானதன்று என்பதையும் இச்சொற்கள் காட்டுகின்றன போலும்! கம்பெல் சொன்ன குறைக்கு மருந்து கண்டவரும் யாழ்ப்பாணத்தவரே. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரவர்கள், பிள்ளைகளுக்கென்று எளிய வசனநடையிற் பாலபாடங்களை இயற்றி அச்சிட்டார்கள். எழுத்து, சொல், சிறு வாக்கியம், பின்னர் நீண்ட வசனம் எனப் படிப்படியாக ஏறும் நூல்கள் அவை. நாவலரைச் சமயக் காவலராகவும் வசனநடை கைவந்த வல்லாளராகவும் போற்றுகின்றோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு எது எட்டும், எது எட்டாது என்று எண்ணிப் பார்த்து எழுதியவர் என்பதற்காகவும் அவரைப் போற்றுதல் தகும்.

இனி, கப்பலேறிச் சென்ற சென்னை முறைக்கு என்ன நேர்ந்தது? இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர், ஏழைப் பிள்ளைகளுக்கான தமது பள்ளியில் இதனையொத்த ஒரு முறையைக் கைக்கொண்டார். 1803இல் அவரும் ஒரு நூல் எழுதினார். சட்டாம்பிள்ளைகளின் துணையுடன் ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கூற்று. புத்தகத்துக்குப் பணமில்லாமையாற் பாடங்களைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் தொங்கவிட்டார். பிள்ளைகள் அரைவட்டமாய் நின்று வாசித்தனர். அவரது ஏற்பாட்டில் ஒரு நல்ல கூறு இருந்தது. வாசிப்புக்கு ஒரு வகுப்பு, கணக்குக்கு வேறொரு வகுப்பு. வாசிப்பில் மந்தமானவன் கணக்கில் மந்தனாயிருக்க வேண்டியதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் தண்டனை வகையில் அவருடைய கற்பனை கொடியது. கழுத்தில் மரக்கட்டை கட்டுதல், கூடையிலிட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடுதல் என்றெல்லாம் செய்தார்.

திருச்சபையார் பெல்லையும், சபையிற் சேராதார் லங்காஸ்டரையும் பற்றிக்கொண்டு, முறையைக் கண்டவர் யார் என்று நெடுநாள் வழக்காடினர். மணலில் எழுதிய பிள்ளைகளை அவ்வழக்கில் யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. 1811இல் திருச்சபைச் சார்பில் தேசிய சங்கம் அமைந்தது. ஆயிரக்கணக்கான பாடசாலைகளில் முறை பரவியது. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு அவரது பிறந்த ஊராகிய சென் அண்ட்ரூசில் எழுந்த பாடசாலை, இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்னும் பெயரோடு விளங்குகின்றது. ஸ்கொத்லாந்தின் குளிர்காற்றிலே நம் பக்கத்து ஊரின் பெயர்!

ஆயினும் பரவப் பரவ முறையின் உயிர் போய்விட்டது. ஏன்? எழும்பூரிற் பெல் சிறுவனை ஆசிரியனாக்கியது, பிள்ளையின் மனம் பிள்ளைக்குத் தெரியும் என்ற நம்பிக்கையால். இங்கிலாந்தில் அதனை ஏற்றவர்கள் அது மலிவு என்பதற்காக ஏற்றனர். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரின் சம்பளம் போதுமென்றால் எந்தக் கணக்குப்பிள்ளைக்குத்தான் கசக்கும்? பதினொரு வயதுச் சட்டாம்பிள்ளை தான் ஒப்புவித்ததையே பிறரை ஒப்புவிக்கச் செய்தான். மனனம் மனனத்தைப் பெற்றது. மலிவுக்காக எடுத்துக்கொள்ளப்படும் எந்தக் கல்விமுறையும் பின்தங்கிய பிள்ளையையே முதலிற் பலியிடும் என்பது என் எண்ணம். பின்வந்த வரலாறு அதனைப் பொய்யாக்கவில்லை.

1862இல் ரொபட் லோ என்னும் இங்கிலாந்து அரசியலாளர் திருத்திய கல்விக்கோவையைக் கொண்டுவந்தார். பாடசாலைக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் இனிப் பரீட்சைப் பெறுபேற்றைப் பொறுத்தது என்பது அதன் சாரம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் பரிசோதகர் முன் தேறினால் எட்டுச் சிலின். ஒவ்வொரு பாடத்தில் தவறுவதற்கும் இரண்டு சிலின் எட்டுப் பென்சு வெட்டு. பிள்ளைகளின் அறியாமைக்கு விலை குறித்த முதல் சட்டம் இதுவேயாகலாம். ஒரு தராதரத்திற் பரிசோதிக்கப்பட்டவனை அடுத்தமுறை அதே தராதரத்திற் காட்டவும் கூடாது. ஆகவே எல்லாரும் ஆண்டுக்கு ஒரு படி ஒன்றாய் ஏறவேண்டும். மெல்ல ஏறுபவன் பாடசாலைக்கு நட்டக்கணக்கு. அவனுக்கு விளக்க நேரமில்லை. உருப்போடுவிக்க மாத்திரம் நேரமிருந்தது. புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்தும் பிழையின்றி வாசித்த பிள்ளைகள் அக்காலத்துப் பரிசோதகர்களின் கதைகளில் வருகின்றனர். கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆனல்ட் இதனை ஓயாமல் எதிர்த்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இது நிலைத்தது.

நம் நாட்டுக்கும் அவ்வியாதி வந்தது. 1867ஆம் ஆண்டு மோர்கன் குழுவின் ஆய்வையடுத்து 1869இற் பொதுப் போதனைப் பகுதி நிறுவப்பட்டது. அதன்பின் நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு முறை வகுக்கப்பட்டது. வட்டுக்கோட்டையானாலும் காலியானாலும் பரிசோதகர் வரும் நாள் திருவிழாவும் திதியும் சேர்ந்த நாளாயிற்று. தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பாரமானான்.

இக்காலத்திலேதான் பின்தங்கிய பிள்ளையைப் பற்றி மருத்துவரும் உளநூலாரும் சிந்திக்கத் தொடங்கினர். பாரிசு நகரில் 1904இல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. சாதாரண வகுப்பிற் கற்கமுடியாத பிள்ளைகளை எவ்வாறு கண்டறிவது, அவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே கேள்வி. அதற்காக அல்பிரட் பினே என்பார், சைமன் என்னும் மருத்துவரோடு கூடி 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நுண்ணறிவுச் சோதனை என்று உலகெங்கும் வழங்குவதன் தாய் இதுவே.

பினேயின் நோக்கத்தை நாம் நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பிள்ளையை அளந்து ஒதுக்குவதற்காக அவர் அளவுகோல் செய்யவில்லை. அளந்து உதவுவதற்காகச் செய்தார். 1909இல் வெளிவந்த தமது நூலில், ஒருவனுடைய அறிவு பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது, அதனை வளர்க்க முடியாது என்போரின் சோர்வுவாதத்தை வன்மையாய்க் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மனத்துக்கான உடற்பயிற்சி போன்ற பயிற்சிகளை வகுத்தார். ஆசிரியர் கைகாட்டியதும் பிள்ளைகள் அசையாது சிலை போல் நிற்கவேண்டும் என்பது ஒரு பயிற்சி. முதல்நாள் சிரிப்பும் குழப்பமுமாய் முடியும். நாளடைவிற் கவனத்தை அடக்கியாளும் ஆற்றல் வரும். கணக்கும் இலக்கணமும் கற்குமுன் கற்கும் வழியைக் கற்கவேண்டும் என்று அவர் கருதினார்.

1911இற் பினே இறந்தார். அளவுகோல் அத்திலாந்திக்கைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றது. 1916இல் டேர்மன் என்னும் பேராசிரியர் அதனைத் திருத்தி வெளியிட்டார். அங்கே அது, உயர்ந்தவன் யார், தாழ்ந்தவன் யார் என்று நிரந்தரமாய்ப் பெயர் சூட்டும் கருவியாயிற்று. கைத்தடியாகச் செய்யப்பட்டது அடிக்கும் தடியாயிற்று.

அதே அமெரிக்காவில் மாற்று வழி கண்டவர்களும் இருந்தனர். சிக்காகோவுக்கு அருகிலுள்ள வின்னெற்கா என்னும் ஊரின் பாடசாலைகளுக்கு 1919இல் அதிபராய் வந்த கார்ல்டன் வோஷ்பேண், எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். பிள்ளை தானே கற்று, தானே தன்னைச் சோதித்துக்கொள்ளத்தக்க ஏடுகளை அச்சிட்டார். ஒரே அறையில் ஒருவன் ஐந்தாம் வகுப்புக் கணக்கையும் மூன்றாம் வகுப்பு வாசிப்பையும் செய்துகொண்டிருப்பான். அவனைத் தவறியவன் என்று சொல்வாரில்லை. நாளின் மறுபாதியில், நாடகம், பாட்டு, கைவேலை ஆகியவற்றில் எல்லாரும் ஒன்றுகூடுவர். தனித்தனியே கற்பது பாதி, கூடி வாழ்வது பாதி. இவ்விரண்டாம் பாதியை மறந்தவர்களாலேயே நிலைக்கேற்ற கல்வி பல இடங்களிற் கெட்டது.

இத்தாலியிலே மரியா மொண்டிசோரி அம்மையார் முதலிற் பழகியதும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடுதான். அவர்களுக்குப் பயன்பட்ட கருவிகள் மற்றைப் பிள்ளைகளுக்கு ஏன் பயன்படலாகாது என்ற வினாவோடு 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிற் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் 1939இற் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரினால் நாடு திரும்ப இயலாமல் ஆண்டுக்கணக்காய் இந்தியாவில் தங்கி ஆசிரியரைப் பயிற்றினார். சிறுபிள்ளைகள் மொண்டிசோரி எழுத்துக்களை விரலால் தடவிக் கற்பதைப் பார்க்கும்போது, மணலிற் பதிந்த சிறுவிரல் நினைவுக்கு வருகின்றது. அம்மையார் மணலைக் கண்டு கற்றவரல்லர். எனினும் விரலின் அறிவு எங்கும் ஒன்றுதானே.

இங்கிலாந்து வேறு வழியிற் சென்றது. பிள்ளைகளைத் திறமைப்படி அ, ஆ, இ எனப் பிரித்து, அப்பிரிவிலேயே வருடக்கணக்காய் இருத்தும் முறை அங்கு வேரூன்றியது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பரீட்சை வாழ்வையே தீர்மானித்ததால், ஏழு வயதிலேயே பிரிவினை தொடங்கியது. பின்னர் ஆராய்ந்தபோது வியப்பான ஒன்று வெளிப்பட்டது. கோடைகாலத்திற் பிறந்த பிள்ளைகள் தாழ்ந்த பிரிவுகளில் அளவுக்கு மிஞ்சி இருந்தனர். செப்டெம்பரில் பாடசாலை ஆண்டு தொடங்கும் நாட்டில், அவர்கள் தம் வகுப்பாரினும் சில மாதம் இளையவர்கள், அவ்வளவே. பிறந்த மாதத்தை மந்தபுத்தி என்று பிழையாய் வாசித்துவிட்டார்கள். ஒருமுறை தாழ்ந்த பிரிவில் விழுந்தவன் மேலே வந்தது மிக அரிது. 1967இல் பிளௌடன் அறிக்கை இப்பிரிவினையை ஆரம்பப் பாடசாலைகளினின்றும் நீக்குமாறு பரிந்துரைத்தது.

இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். எழும்பூரிலும் பிரித்தார்கள், இங்கிலாந்திலும் பிரித்தார்கள். எழும்பூரில் இறக்கப்பட்டவன் எந்நாளும் ஏறலாம். வின்னெற்காவிற் கணக்கில் மெல்ல நடந்தவன் வாசிப்பில் ஓடலாம். இங்கிலாந்துப் பிரிவிலோ பிள்ளை முழுவதும் ஒரு சிமிழில் அடைக்கப்பட்டு மேலே பெயர் ஒட்டப்பட்டான். பாடத்தைப் பிரிப்பது வேறு. பிள்ளையைப் பிரிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாய்க் கருதிப் புகழ்வோரும் இகழ்வோரும் இருதரத்தாரும் பிழை செய்கின்றனர்.

இலங்கையில் கலாநிதி கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதுவரை பாடசாலையைக் காணாத குடும்பத்துப் பிள்ளையும், மூன்று தலைமுறையாய்ப் புத்தகத்தோடு பழகிய வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்தனர். நம் நாட்டுக்கு அதனினும் பெரிய பேறு இல்லை. ஆயின், ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்துவது அன்றோடு முன்னிலும் கடினமாயிற்று. ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் பரீட்சை ஏழைப் பிள்ளைக்கு ஏணியாய் அமைந்தது. அப்பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் பரபரப்பிற் கடைசி வாங்கு மறக்கப்பட்டதும் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஐந்து வகுப்புக்களையும் மூன்று முதன்மை நிலைகளாக வகுத்து, ஒவ்வொரு நிலை முடிவிலும் எல்லாப் பிள்ளையும் பெறவேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் இவை என்று குறித்தது. எவரும் விடுபடலாகாத எல்லைக்கோடு ஒன்று அதில் வரையப்பட்டது. முதல் வரிசைக்காரனை நோக்கியே பழகிய கண்களை அது கடைசி வாங்கின்பால் திருப்பிற்று.

இந்தியாவில் அண்மையில் நடந்த ஒரு சோதனையையும் சொல்லவேண்டும். 2001ஆம் ஆண்டு முதல் மும்பாயிலும் வதோதராவிலும், மூன்றாம் நான்காம் வகுப்புக்களில் எழுத்தும் எண்ணும் கைவராத பதினைந்து இருபது பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பினின்றும் வெளியே அழைத்து, அதே ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் அவர்கள் நிற்குமிடத்திலிருந்து கற்பித்தார். 'பாலசகி', அதாவது பிள்ளையின் தோழி, என்பது அப்பெண்ணுக்கு இட்ட பெயர். பொருளியலாளர் பனர்ஜியும் டுப்லோவும் தம் கூட்டாளிகளோடு பெறுபேற்றை அளந்து 2007இல் வெளியிட்டனர். பாலசகியிடம் சென்ற பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தனர். வியப்பு அதுவன்று. கடைசி வாங்கு வெளியே சென்றதால் வகுப்பறையில் எஞ்சிய பிள்ளைகளின் தொகை குறைந்ததல்லவா? அவர்களுக்கு அதனால் யாதொரு முன்னேற்றமும் காணப்படவில்லை. வகுப்பைச் சிறிதாக்குவதால் மாத்திரம் ஒன்றும் விளையாது. பாடம் மாறவேண்டும் என்பது இதிற் கிடைத்த செய்தி. பெல் எட்டு வயதுச் சிறுவனை நம்பியதற்கும், ஊர்ப்பெண்ணை நம்பிய இதற்கும் இடையே இருநூறு வருடம் கிடக்கின்றது.

சென்னையே மீண்டும் இக்கதையிற் புகுகின்றது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007 முதல் தமிழ்நாடு முழுவதிலும் செயல்வழிக் கற்றல் என்னும் முறை நடைபெற்றது. ஆந்திர நாட்டு ரிஷி பள்ளத்தாக்கில் வளர்ந்த முறையைத் தழுவியது அது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. சுவரில் ஏணிப்படம் தொங்கியது. பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கின்றான் என்று தானே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துத் தரையில் அமர்ந்து கற்றான். சுவரின் கீழ்ப்பாகம் பிள்ளைகளின் கைக்கெட்டும் கரும்பலகையாயிற்று. ஒரு வாரம் நோயாய்க் கிடந்தவன் திரும்பிவந்து விட்ட படியிலிருந்து ஏறினான். குறைகூறியோரும் இருந்தனர், அட்டை மேல் அட்டையாய் முடிப்பதே நோக்கமாகிவிட்டது என்றனர். முற்றிலும் பொருந்தாத குற்றச்சாட்டென்று அதனைத் தள்ளிவிட முடியாது. எந்த நல்ல முறையும் பதிவேட்டின் பசிக்கு இரையாவது உண்டு. முறை பின்னர்ப் பலவாறு சுருக்கித் திருத்தப்பட்டது.

2020இற் கொரோனாத் தொற்றினால் மூடப்பட்ட தமிழ்நாட்டு ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பரிலேதான் திறந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளியைக் காணாத பிள்ளைகள் வகுப்பேறியிருந்தார்கள், எழுத்து ஏறவில்லை. 2022 யூன் மாதத்தில் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அதிற் பிள்ளைகளின் நிலைகளுக்கு இட்ட பெயர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்பன. மந்தன், கெட்டிக்காரன் என்னாது இவ்வாறு பெயரிட்டவர் தமிழ் அறிந்தவர். தமிழில் மலராய் இருக்கும் சிறுமி கணக்கில் மொட்டாய் இருக்கலாம். அவள் இரண்டுமாய் ஒரே வகுப்பறையில், ஒரே பாயில், தன் தோழிகளோடு அமர்ந்திருக்கின்றாள்.